பழைய சையான் எஃப்ஆர்-எஸ் வாங்கலாமா? பவரை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. வயது 24, வீடு கனடாவின் பிராம்ப்டனில், வேலை மிசிசாகாவில். 2013 சையான் எஃப்ஆர்-எஸ் என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேனுவல் கியர், 1,32,000 கிலோமீட்டர் ஓடியது, 14,500 டாலர் சொல்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் "பவர் பத்தாது, கொஞ்சம் சேர்த்துப் போட்டு மஸ்டாங் எடு" என்கிறார்கள். இது இல்லாமல் வேறு கார் கிடையாது. கோடையில் ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் இருப்பார். வாங்கலாமா? கேள்வி பவரில் தொடங்கினாலும் நான் படித்த வரையில் உங்கள் கவலை வேறு. ஒரே காராக இதை வைத்துக்கொண்டு ஒன்டாரியோவில் வருஷம் முழுக்கக் காலம் தள்ள முடியுமா, பத்து வருஷத்துக்கு மேல் ஆன இந்த இன்ஜினை நம்பலாமா என்பதுதான் அது. பதிலை அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி, எதை நம்புவது எதைத் தள்ளுவது என்று உங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா. கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். இங்கே வந்து கார் மெக்கானிக்குக்கான 310எஸ் லைசென்ஸ் எடுத்துப் பதினைந்து வருஷமாகப் பட்டறையில் நிற்கிறேன். இதே காரின் சுபாரு வடிவமான 2014 பிஆர்இசட்டை நாலு குளிர்காலம் சொந்தமாக வைத்திருந்தேன்; இரண்டாவது குழந்தை பிறந்ததும் விற்றேன். அந்தக் காரின் மேல் இன்னும் ஆசை போகவில்லை, அதனால் நான் புகழும் இடங்களில் பத்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகியவன் இல்லை. தெருவில் ஓடும் வண்டிகள் லிஃப்டில் ஏறும்போது என்ன தெரிகிறதோ அதுதான் என் அறிவு.

கார் என்னவென்று சுருக்கமாக. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது, ஜப்பானில் சுபாருவின் குன்மா ஆலையில் உருவானது. 2012இல் வந்தபோது வட அமெரிக்காவில் சையான் எஃப்ஆர்-எஸ், சுபாரு கடையில் பிஆர்இசட், ஐரோப்பாவில் ஜிடி86 என்று பெயர். 1983 முதல் 1987 வரை வந்த பழைய ஏஇ86 கொரோலாவின் நினைவாக வைத்ததுதான் அந்த 86. சையான் என்ற பிராண்டையே 2016இல் மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு இதே கார் டொயோட்டா 86 என்ற பெயரில் ஓடியது. பிராண்ட் போய்விட்டதே, உதிரிபாகம் கிடைக்குமா என்று சிலர் பயப்படுவார்கள். டொயோட்டா கடையிலேயே கிடைக்கும். பிரித்தால் பாதிப் பாகங்களில் சுபாரு முத்திரை இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பவர். 2 லிட்டர் இன்ஜின், 200 ஹார்ஸ்பவர், டார்க் என்கிற இழுவிசை 205 நியூட்டன் மீட்டர். அந்த டார்க் முழுதாகக் கிடைப்பது 6,400 ஆர்பிஎம்முக்கு மேல், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 6,400 சுற்றுக்கு மேல் சுழலும்போது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு நொடி அளவில் ஆகும். 2015க்குப் பிந்தைய நாலு சிலிண்டர் மஸ்டாங்குக்கு 310 ஹார்ஸ்பவர். நேர்கோட்டில் அது உங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும், இதில் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் மஸ்டாங் 1,600 கிலோ அளவில் இருக்கும் வண்டி. இது 1,250 கிலோ. அந்த முன்னூற்றைம்பது கிலோ வித்தியாசம் ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் தெரியும்.

பவர் பத்தாது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் இந்தக் காரைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் சொல்லத் தெரியாமல் சொல்லும் ஒரு குறை மட்டும் உண்மை. ஏறக்குறைய 3,500 ஆர்பிஎம்முக்கும் 4,500க்கும் நடுவில் இந்த இன்ஜினுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. கீழே ஓரளவு இழுக்கும், மேலே நன்றாக இழுக்கும், நடுவில் மூச்சு வாங்கும். 401 நெடுஞ்சாலையில் நாலாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்து லேனில் இடம் கிடைக்கிறது, ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள், ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்போது மூன்றாவதுக்கு இறக்கிவிட்டு மிதிக்கவேண்டும். மேனுவலில் இது ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும் வேலை. ஆட்டோமேட்டிக் எடுத்தவர்கள்தான் கடைசிவரை அந்தப் பள்ளத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் பார்த்திருப்பது மேனுவல், நல்லது.

இப்போது ஏன் இந்தக் காரை மனிதர்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்பது. இதில் இருப்பது பாக்ஸர் இன்ஜின், சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்பதில்லை, இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அதனால் இன்ஜின் உயரம் குறைவு, அதைத் தாழ்வாகவும் பின்னுக்குத் தள்ளியும் உட்காரவைக்கலாம். மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 460 மில்லிமீட்டர் உயரத்தில்தான். ஏறக்குறைய முழங்கால் உயரம். பின்சக்கரத்துக்குப் பவர், அந்தப் பவரை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்க டார்சன் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், கம்பெனியிலிருந்தே வருவது. அதோடு வேண்டுமென்றே ஒல்லியான டயர் போட்டார்கள், 215 அகலம். மிச்சலின் பிரைமசி எச்பி, சில சந்தைகளில் பிரியஸுக்குப் போட்ட அதே ரகம். "ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரியஸ் டயரா" என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. பிடி குறைந்த டயர் என்பதால் கார் தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே காட்டிவிடும், அதுவும் திடீரென்று காட்டாது. சொல்லிவிட்டுத்தான் வழுக்கும்.

பட்டறை முடிந்து இரவு வீட்டுக்குப் போகும்போது நெடுஞ்சாலை ஏறும் அந்த வட்ட ராம்ப் இருக்கிறதே, 40 என்று பலகை போட்டிருக்கும் முழு வளையம், அங்கேதான் எனக்கு இந்தக் கார் புரிந்தது. இரண்டாவது கியர், ஸ்டீயரிங்கை ஒரு தடவை திருப்பிவைத்தால் போதும், அப்புறம் வலது காலாலேயே வட்டத்தைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். காலை லேசாக எடுத்தால் மூக்கு உள்ளே வரும், மிதித்தால் வெளியே போகும். இடுப்புக்குக் கீழே ரோடு என்ன செய்கிறது என்று தெரியும். இதெல்லாம் 50, 60 வேகத்தில் நடக்கும் சங்கதி. நம் ஊரில் இதன் மதிப்பைப் பணமாகவே கணக்குப் போடலாம். ஒன்டாரியோவில் 80க்குக் குறைவான வேக வரம்புள்ள சாலையில் 40 அதிகமாகப் போனாலே 2021 முதல் ஸ்டன்ட் டிரைவிங் கேஸ்தான். அந்த இடத்திலேயே வண்டி 14 நாள் உள்ளே போகும், லைசென்ஸ் 30 நாள் போகும். 310 ஹார்ஸ்பவரை அனுபவிக்க இடம் எங்கே இருக்கிறது? கேலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் ரோட்டில் ஒரு கொண்டைஊசி வளைவு உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே அங்கே இந்தக் கார் சிரிக்கவைக்கும். மஸ்டாங்கில் அந்த வளைவு வெறும் திருப்பம்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். 2013 மாடல் என்றீர்களே, அந்த வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் காரின் தொடக்க கால இன்ஜின்களில் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018இன் கடைசியில் ரீகால் வந்தது, அதாவது கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதில் அகப்பட்டவை 2013 மாடல் எஃப்ஆர்-எஸ்ஸும் பிஆர்இசட்டும். ஸ்பிரிங் உடைந்தால் ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகலாம். அதனால் ரீகால் நியாயமானது. ஆனால் சாதாரண இன்ஜினில் மேல் மூடியைக் கழற்றிச் செய்யும் வேலை இது. பாக்ஸரில் சிலிண்டர்கள் பக்கவாட்டில் சேசிஸ்மேல் முட்டிக்கொண்டு இருப்பதால் இன்ஜினையே வெளியே இறக்கி, முன்பக்க மூடியைப் பிரித்துச் செய்யவேண்டும். திரும்ப மூடும்போது கேஸ்கட் கிடையாது, குழாயிலிருந்து பிதுக்கும் சிலிக்கான் சீலன்ட்தான். பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டவேண்டும், துகள் உள்ளே விழக்கூடாது, புதியதை அளவோடு போடவேண்டும், காயவிடவேண்டும். அவசர வேலைக்கு லாயக்கில்லாத வேலை.

ரீகால் முடிந்துபோன கார்களில் சில, கொஞ்ச தூரம் ஓடியதும் பேரிங் போய் இன்ஜினையே இழந்தன. அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது இது. என் கைக்கும் ஒன்று வந்தது. கல்லூரிப் பையன், ரீகால் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை செய்தது யார் என்பது இங்கே தேவையில்லை. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைத் தொட்டால் அடியிலிருந்து இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கினோம். ஆயிலில் மினுமினுவென்று பொடி. ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள சல்லடையில் காய்ந்த சேமியா மாதிரி சின்னச் சின்ன இழைகள் ஒட்டியிருந்தன. நகத்தால் எடுத்துப் பிசைந்தால் ரப்பர். சல்லடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடைத்திருந்தது.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு பங்கு, ஊகம் ஒரு பங்கு. சீலன்ட் துகள் சல்லடையில் சேரும், சேர்ந்தால் ஆயில் ஓட்டம் குறையும், இது கண்ணால் பார்த்தது. அந்தப் பையனின் பேரிங் அதனால் மட்டுமே போனதா என்றால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆயில் அளவு குறைந்தபோதும் அவர் ஆர்பிஎம் முள் சிவப்புக்கோட்டைத் தொடும்படி ஓட்டியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை எப்போதாவது பார்த்தாயா என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். ரீகால் முடிந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் பிரச்சினை இல்லாமல் ஓடும் கார்களுக்கும் நான் ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். "ஸ்பிரிங் இதுவரை உடையவில்லையே, ரீகாலே செய்யாமல் விட்டுவிடு" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். 401இல் நடு லேனில் இன்ஜின் நிற்பது விளையாட்டில்லை.

ஆகவே இந்த 2013ஐப் பொறுத்தவரை ஒரு காகிதம் கேளுங்கள். காரின் அடையாள எண்ணான விஐஎன்னை வாங்கி டொயோட்டா கனடா இணையதளத்தில் போட்டால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். பாக்கி இல்லை என்றால், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் செய்தார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். செய்து முப்பது நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, இடையில் ஆயில் மாற்றிய ரசீதுகளும் இருந்தால் பயம் பெருமளவு குறைகிறது. போன மாதம்தான் செய்தோம் என்றால் நான் அந்தக் காரை விட்டுவிடுவேன். இதைவிட எளிய வழி, கொஞ்சம் பொறுத்து 2014, 2015, 2016 மாடல்களில் ஒன்றைத் தேடுவது. அதே கார், அதே இன்ஜின், இந்த ரீகால் தலைவலி இல்லை. ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

சத்தங்களைப் பற்றி நாலு வார்த்தை, ஏனென்றால் பார்க்கப் போகும்போது பயந்துவிடுவீர்கள். பானட்டைத் திறந்தால் சிள்வண்டு கத்துவது போல ஒரு கிறீச் கிறீச் வரும். ஹைபிரஷர் பெட்ரோல் பம்ப்பின் சத்தம் அது, பல கார்களில் உண்டு, பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. நியூட்ரலில் கரகரவென்று வந்து, கிளட்ச் பெடலில் கால் வைத்ததும் நின்றுபோகும் சத்தம் வேறு. அது ரிலீஸ் பேரிங். உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்றமுடியும் என்பதால் கிளட்ச்சையும் சேர்த்தே மாற்றும்படி ஆகும். விலை பேசும்போது அதைக் கணக்கில் வையுங்கள். பின்விளக்குக்குள் நீர் கோர்ப்பது இந்தக் காரின் பிறவிப் பழக்கம். தட்டும் சத்தம், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் தட்டல், கேட்டால் மட்டும் பேச்சே வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை, அந்தச் செலவு கிடையாது. ஸ்பார்க் பிளக் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்றவேண்டும். பக்கவாட்டில் கை நுழையாத இடத்தில் இருப்பதால் கூலி பிளக் விலையைத் தாண்டும். 1,32,000 ஓடிய வண்டியில் அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டாலே போதும், முந்தைய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று பாதி தெரிந்துவிடும்.

பெட்ரோல் 91 பிரீமியம்தான் போடவேண்டும். கம்ப்ரெஷன் 12.5க்கு 1, சாதாரண 87 போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நூறு கிலோமீட்டருக்கு ஒன்பதிலிருந்து பத்து லிட்டர் குடிக்கும்.

குளிர்காலம். பின்சக்கர வண்டி பனியில் ஓடாது என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல விண்டர் டயர் நாலும் போட்டால் ஓடும், நாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன். அந்த டார்சன் டிஃபரென்ஷியல் அப்போது பெரிய உதவி, ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது இழுக்கும். கம்பெனி போட்ட கோடை டயரோடு நவம்பரில் வெளியே போகவே போகாதீர்கள், ஏழு டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் கட்டையாகிவிடும். விண்டர் டயர் போட்டால் ஒன்டாரியோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும், கேட்டு வாங்குங்கள். உண்மையான தடை உயரம். அடிவயிற்றுக்கும் தரைக்கும் ஐந்து அங்குலம்கூட இல்லை. இரவு முழுக்கப் பனி கொட்டி, காலையில் பனி தள்ளும் வண்டி தெருவைத் தள்ளிவிட்டு உங்கள் டிரைவ்வே வாசலில் ஒரு கரை கட்டிவிட்டுப் போகுமே, அதன்மேல் ஏறினால் நாலு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும். வருஷத்தில் நாலைந்து நாள் நான் பஸ்ஸில் போனேன். அதோடு மைனஸ் 18இல் முதல் பத்து நிமிஷம் இரண்டாவது கியர் விழாது. தள்ளினால் கரகரக்கும். ஆயில் சூடாகும்வரை முதல் கியரிலிருந்து பொறுமையாக, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடவேண்டும். அவசரப்பட்டவர்களின் கியர்பாக்ஸில், கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். டெஸ்ட் டிரைவில் இரண்டாவதுக்கு இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புத் துருவுக்குக் காரை லிஃப்டில் ஏற்றாமல் ஒன்றும் சொல்லமுடியாது. பிரேக் பைப், பின்சக்கர பாகங்களைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டம், இந்த இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது பணம். 14,500 என்பது ஆரம்பம்தான். தனியாரிடம் வாங்கினாலும் பதிவு செய்யும்போது 13 சதவீதம் வரி, அது 1,885 டாலர். விண்டர் டயரும் ரிம்மும் ஆயிரத்தைத் தாண்டும். இன்ஷூரன்ஸைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பிராம்ப்டன் ஒன்டாரியோவிலேயே பிரீமியம் அதிகமுள்ள ஊர்களில் ஒன்று, வயது 24, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். கடன் தவணையைவிட இன்ஷூரன்ஸ் அதிகம் கட்டும் பையன்கள் என் பட்டறைக்கு வருகிறார்கள். காரைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே விஐஎன்னைக் கொடுத்து மூன்று இடத்தில் விலை கேளுங்கள். பவர் குறைவு என்பதால் மஸ்டாங்கைவிடக் குறைவாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யவேண்டாம். அவர்கள் ஹார்ஸ்பவரைப் பார்த்து விலை போடுவதில்லை. அந்த மாடலுக்கு நாடு முழுக்க எவ்வளவு கிளெய்ம் வந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இன்னொன்று. "சேஃப்டியோடு தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சேஃப்டி சர்ட்டிபிகேட் பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, சஸ்பென்ஷன் இவற்றைப் பார்ப்பது, 36 நாள் செல்லும். பேரிங் நாளைக்குப் போகப்போகிற இன்ஜினோடும் ஒரு வண்டி சேஃப்டி வாங்கிவிடும். அதனால் உங்கள் செலவில், உங்கள் ஆளை வைத்து, தனியாக ஒரு பரிசோதனை செய்யவேண்டும். தனியார் விற்பனையில் விற்பவர் யுவிஐபி என்ற பொட்டலம் தரவேண்டும் என்பது சட்டம். அதில் ஒன்டாரியோவில் எத்தனை கை மாறியது, கடன் பாக்கி உண்டா என்று இருக்கும். மூன்று வருஷத்தில் நாலு சொந்தக்காரர் என்றால் காரைப் பார்க்காமலே விடுங்கள்.

கை மாறுவதைச் சொன்னேனே, அதற்குக் காரணம் இந்தக் காரின் ஜாதகம். மலிவு, பின்சக்கரம், மேனுவல். இளைஞர்கள் வாங்குவார்கள், தாழ்த்துவார்கள், சைலன்சரை மாற்றுவார்கள், டர்போ போடுவார்கள், காலியான பார்க்கிங்கில் வட்டம் அடிப்பார்கள், அப்புறம் பழைய பாகங்களைத் திரும்ப மாட்டி "ஒரிஜினல்" என்று விற்பார்கள். பின்சக்கர வளைவின் உள்பக்கம் ரப்பர்த் தூள் அப்பியிருக்கிறதா, எக்ஸாஸ்ட் போல்ட்டுகளில் மட்டும் துருவில்லாமல் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, பின்டயர் இரண்டும் முன்னதைவிடப் புதிதாக இருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பேன். நீங்களும் வாங்கியதும் அந்த நடுப்பள்ளத்தை நிரப்ப எக்ஸாஸ்ட் ஹெடரை, அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயை மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டருக்கு டியூன் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். பள்ளம் குறையும், உண்மைதான். ஆனால் விற்கும் ஹெடர்கள் பலவற்றில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது, அதை எடுப்பது சட்டப்படி குற்றம். ஒரு வருஷம் கம்பெனி நிலையிலேயே ஓட்டுங்கள்.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2017 முதல் வந்த டொயோட்டா 86 மேனுவலில் 205 ஹார்ஸ்பவர், பின் ஆக்சிலில் உள்ள ஃபைனல் டிரைவ் விகிதத்தையும் 4.1இலிருந்து 4.3 ஆக மாற்றினார்கள், கொஞ்சம் துடிப்பு கூடும், அந்தப் பள்ளம் முழுக்கப் போகாது. பள்ளம் உண்மையாகவே மறைந்தது 2022 மாடலாக வந்த ஜிஆர்86இல்தான். 2.4 லிட்டர், 228 ஹார்ஸ்பவர், முழு டார்க் 3,700 ஆர்பிஎம்மிலேயே. ஓட்டிப் பார்த்தேன், என் பழைய காரை நினைத்துப் பாவமாக இருந்தது. சீலன்ட் பேச்சு அதன் இன்ஜினைப் பற்றியும் ஓடுகிறது, டிராக்கில் நீண்ட வலது வளைவில் ஆயில் பிரஷர் இறங்குவதாகவும் சொல்கிறார்கள். தெருவில் ஓட்டுபவருக்கு அது கவலை இல்லை என்பது என் எண்ணம், ஆனால் டிராக்குக்குப் போகிறவர்கள் என்னைக் கேட்கவேண்டாம். விலை உங்கள் எல்லைக்கு வெளியே. முன்சக்கர சிவிக் எஸ்ஐ கூபே கிடைத்தால், ஒரே கார் என்ற உங்கள் நிலைக்கு அதுதான் புத்திசாலித்தனம். பின்சீட்டில் மனிதர் உட்காரலாம், டிக்கியும் பெரிது. ஆனால் ராம்ப்பில் அது இந்த மாதிரி பேசாது.

எஃப்ஆர்-எஸ்ஸின் பின்சீட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது சீட் இல்லை, சீட் துணி போர்த்திய அலமாரி. மடக்கினால் நாலு டயர் படுக்கவைக்கலாம், ஒரு மாத மளிகை போகும், ஆள் போகமுடியாது. முன்னே இருவர், அதோடு சரி.

ஆக, இன்ஷூரன்ஸ் தொகை உங்கள் சம்பளத்துக்குத் தாங்கும், ரீகால் ரசீது பழையது, லிஃப்டில் பார்த்ததில் அடி சுத்தம் என்றால் எடுங்கள், பவரைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் 2015 ஒன்று வரும்வரை பொறுங்கள். பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போய் பானட்டில் கை வைக்கும்போது சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஜில்லென்று இருக்கும் இன்ஜின் முதல் அரை நிமிஷத்தில் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது. அப்புறம் அம்மா வருவதற்கு முன், அவர் வயதில் முழங்கால் வலியுள்ள ஒருவரை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, டெஸ்ட் டிரைவுக்குக் கூட அழைத்துப் போங்கள். உட்காருவது எளிது, விழுந்தாலே சீட் வந்துவிடும். ரிச்மண்ட் ஹில் கோயில் பார்க்கிங்கில் புடவையோடு எழுந்து வெளியே வருவதுதான் கஷ்டம். என் அம்மா கதவுச் சட்டத்தை ஒரு கையாலும் என் தோளை மறு கையாலும் பிடித்துத்தான் எழுவார், ஒவ்வொரு தடவையும் "இதுக்கு என்ன விலை குடுத்த?" என்று கேட்பார்.